தோட்டத்து நாய்க்கு எந்தப் பழம் நல்லது?

சேலம், நாமக்கல் பகுதியில் காவலுக்கு நாய் இல்லாத தோட்டம் அரிது. வீட்டில் பழம் நறுக்கும்போது வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும் நாய்க்கும் ஒரு துண்டு போடுவது வழக்கம். அதில் தவறில்லை. ஆனால், எந்தப் பழம், எவ்வளவு என்பதில் கவனம் வேண்டும்.

அளவு முக்கியம்

நாய்க்குப் பழம் தின்பண்டம்தான், உணவல்ல. தினசரிக் கலோரியில் 10 சதவிகிதத்துக்கு மேல் தின்பண்டம் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 கலோரி தேவை. அதில் தின்பண்டத்துக்கு 100 கலோரிதான்.

100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90 கலோரி இருக்கிறது. மாம்பழத்தில் 60, பப்பாளியில் 43, தர்பூசணியில் 30. எனவே, கட்டியே கிடந்து எடை கூடிய நாய்க்குப் பப்பாளியும் தர்பூசணியும் ஏற்றவை. மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் வாழைக்குப் பஞ்சமில்லை என்றாலும், ஒரு பூவன் பழமே போதும்.

எந்தப் பழமானாலும் தோல், விதை நீக்கிச் சிறு துண்டுகளாகக் கொடுக்க வேண்டும். சேலத்து மாம்பழ சீசனில் கொட்டையை நாய்முன் வீசக் கூடாது. அதை விழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி.

திராட்சையும் புளியும் வேண்டாம்

திராட்சை, உலர் திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. இவ்வளவு தின்றால் ஆபத்தில்லை என்று சொல்லவும் முடியாது. இதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் 2021-ல் சுட்டிக்காட்டினர். இதே அமிலம் புளியில் மிக அதிகம். புளி தின்ற நாய்களுக்கும் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டிருக்கிறது.

மாசி, பங்குனியில் வாசலில் புளி காயவைத்துத் தட்டும்போது நாயை அண்டவிடாதீர்கள். புளிக்குழம்புச் சோறும், உலர் திராட்சை போட்ட பாயசமும் நாய்க்கு வேண்டாம்.

தின்றுவிட்டால்...

வாந்தி, சோர்வு பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தெரியும். பிறகு சிறுநீர் குறையும். அதுவரை காத்திருக்கக் கூடாது. தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால், மருத்துவர் வாந்தி எடுக்கவைத்து நச்சை வெளியேற்ற முடியும். வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றுவது ஆபத்து. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடனே அழைத்துச் செல்லுங்கள். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.