நீர் நடுவே ஒரு நந்தவனம்

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சந்நிதிக்கு எதிரே கைரவிணிப் புஷ்கரிணியையும் அதன் நடுவிலுள்ள நீராழி மண்டபத்தையும் நாள்தோறும் கண்டு, மாசி மாதத்துத் தெப்போத்ஸவத்தில் ஏழு நாளும் படிகளில் இடம் பிடித்து அமர்ந்து பழகிய எங்களுக்கு, நீரின் நடுவே சிறிது நிலம் அமைத்துத் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்யும் வழக்கம் புதுமையன்று. ஆயினும் அந்தப் பிரமாணத்தையே மனத்தில் கொண்டு மதுரைக்குச் செல்பவர், வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கல் கைப்பிடிச் சுவரருகே வந்து நின்றதும் திகைத்துப் போவார். பக்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் அடியாகச் சதுரமாய்ப் பரந்த அந்த நீர்ப்பரப்பின் மத்தியில் இருப்பது வெறும் மண்டபமன்று. மதில் சூழ்ந்து, மரங்கள் செறிந்து, மூலைக்கொரு சிறு விமானமும் நடுவில் உயர்ந்த மைய மண்டபமும் தாங்கிய ஒரு தீவு அது.

திருமலை நாயக்கர் 1645-ஆம் ஆண்டில் இதைக் கட்டுவித்தார். தம் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளத்தையே அவர் வீணாக விடாமல் குளமாக்கினார் என்பது மதுரையில் வழிவழியாக வரும் செய்தி. அப்படித் தோண்டுகையில் அகப்பட்ட பிரம்மாண்டமான பிள்ளையார்தாம் இன்று மீனாக்ஷி அம்மன் கோயிலில் முக்குறுணி விநாயகராக வீற்றிருப்பவர் என்றும் சொல்வர். தைப்பூசத்தன்று அம்மனும் சுந்தரேசுவரரும் இங்கே எழுந்தருளி, கரையிலிருந்து ஜனங்கள் வடம் பிடித்து இழுக்கத் தெப்பத்தில் வலம் வந்து, நடுவே மைய மண்டபத்தில் தங்கி, இரவில் தீபாலங்காரத்தோடு மீண்டும் வலம் வருகையில், அந்தத் தீவு எதற்காக அமைந்தது என்பதை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

இதே போன்ற ஒரு காட்சி, முற்றிலும் வேறான காரணத்தால், சீன தேசத்து ஹாங்சௌ நகரிலும் உண்டு. அந்நகரின் மேற்கு ஏரி நாணலும் சேறும் மண்டித் தூர்ந்து வந்த காலத்தில், அங்கே அதிகாரியாயிருந்த மகாகவி சு துங்போ, 1090-ஆம் ஆண்டில் ஏராளமான ஜனங்களைக் கொண்டு தூர் வாரச் செய்தார். எடுத்த சேற்றை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடைதான், ஏரியின் குறுக்கே ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தூரம் ஓடும், இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கும் நடைகரை. 1607-ஆம் ஆண்டில் மறுபடி வாரிய சேறு ஏரிக்குள்ளேயே ஒரு தீவாயிற்று. அதற்குள் மீண்டும் தாமரைத் தடாகங்களை அமைத்து, தீவுக்குள் ஏரியும் ஏரிக்குள் தீவுமாக அதைச் செய்தார்கள். யாத்திரிகர் படகேறிச் சென்று காணும் அந்த உத்தியானத்தின் அழகெல்லாம், உள்ளபடி பார்த்தால், தூர் வாரியவர்களின் கூடையிலிருந்து பிறந்தது.

எடுத்த மண் ஓர் ஊரில் அரண்மனையாயிற்று, மற்றோர் ஊரில் தீவாயிற்று. எங்கள் பட்டணத்திலோ மண்ணின் யாத்திரை எதிர்த் திசையில் நடந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலத்தின் வழியே தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி, 1920-களில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டது. தியாகராய நகரின் வீதிகளும், பிற்காலத்தில் வள்ளுவர் கோட்டமும் அதன் மேல் எழுந்தன. ஜனங்களுக்கு வீடு வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மழைக்காலத்தில் அந்த வீதிகளில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போதெல்லாம், இழந்தது எவ்வளவு பெரிது என்று நெஞ்சம் வருந்தாமல் இருப்பதில்லை.

மதுரைத் தெப்பக்குளமும் அந்தக் கதிக்கு வெகு தூரத்தில் இருக்கவில்லை. வைகையிலிருந்து நீர் கொணரும் வழி அடைபட்டுப் போக, ஆண்டுக்கணக்காகக் குளம் வறண்டு, பிள்ளைகள் பந்தாடும் மைதானமாகக் கிடந்தது. தெப்பமும் மிதக்க வழியின்றி நிலைத்தெப்பமாகவே நின்றது. பனையூர்க் கால்வாயைச் செப்பனிட்டு வைகை நீரை மீண்டும் விட்ட பிறகே, தைப்பூசத்தெப்பம் பழையபடி மிதந்தது. நீர் நிறைந்தால் தீவு. வற்றினால் பொட்டலின் நடுவே ஒரு கட்டடம். ஆகையால் அங்கே செல்லும் அன்பர்கள் மைய மண்டபத்தைத் தரிசித்ததோடு திரும்பிவிடாமல், குளத்துக்குள் நீர் புகும் வாய் எங்கே என்று கரையிலுள்ளவர்களை விசாரித்து, அது குப்பையின்றி இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்து வர வேண்டும் என்பது என் விண்ணப்பம்.