பழைய செங்கல்லில் எழுந்த குடில்

உங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது நின்று பார்த்திருக்கிறீர்களா? சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய சுவராக இருந்தால், ஆட்கள் செங்கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்ப்பார்கள். ஒட்டியிருக்கும் காரையைக் கொத்துக்கரண்டியால் தட்டிவிட்டு ஓரமாக அடுக்கி வைப்பார்கள். சிமெண்டுச் சுவர் என்றால் கதை வேறு. சம்மட்டி அடியில் செங்கல்தான் பிளக்கும். கலவை அதை விடாது. அந்த இடிபாடு பள்ளம் நிரப்பத்தான் உதவும்.

ஏன் இந்த வேறுபாடு? இதற்கு விடை தேட, அமெரிக்காவில் ஒரு குளக்கரைக்குப் போய் வருவோம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்ற ஊர். அதன் அருகே வால்டன் குளம். 1845-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், ஹென்றி டேவிட் தோரோ என்ற இளைஞர் இரவல் வாங்கிய ஒரு கோடரியுடன் அங்கே போனார். நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்குச் சொந்தமானது. பைன் மரங்களை வெட்டிச் செதுக்கிச் சட்டம் அமைத்தார் தோரோ. குடிலின் நீளம் 15 அடி, அகலம் 10 அடி. உங்கள் வகுப்பறையில் பாதிகூட இராது! மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். பக்கத்து நகரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் அறைக்கு ஓராண்டு வாடகையாகக் கொடுத்ததே 30 டாலர் என்று அவர் கணக்குக் காட்டுகிறார்.

இவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது? வேலையைப் பெரும்பாலும் அவரே செய்தார் என்பது ஒரு காரணம். பொருள்களில் பலவும் பழையவை என்பது மற்றொன்று. கண்ணாடியுடன் கூடிய இரண்டு சன்னல்கள், ஆயிரம் செங்கற்கள், சுவர்ப் பலகைகள் எல்லாமே ஏற்கெனவே வேறெங்கோ உழைத்தவை.

பலகைகளின் கதையைக் கேளுங்கள். இருப்புப் பாதை வேலைக்கு வந்திருந்த காலின்ஸ் என்ற தொழிலாளியின் குடிசையைத் தோரோ 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கினார். அந்தக் குடும்பம் காலையில் புறப்பட்டுப் போனதும் அதைப் பிரித்தார். ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைச் சிறு வண்டியில் குளக்கரைக்கு இழுத்துச் சென்றார். அவர் வண்டியோடு போய் வருவதற்குள், நேராக இருந்த ஆணிகளைப் பக்கத்து ஆள் ஒருவர் தம் பைக்குள் போட்டுக் கொண்டாராம்! பழைய ஆணிக்கும் அன்று மதிப்பு இருந்தது என்பது தெரிகிறதல்லவா?

கோணிப்போன பலகைகளைத் தோரோ புல்தரையில் பரப்பி வெயிலில் காயவிட்டார். மரம் ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் சுருங்கினால் பலகை அந்தப் பக்கமாகக் குழியும். குழிந்த பக்கத்தை ஈரப் புல்லின்மேல் கவிழ்த்து வைத்தால், கீழ்ப்பக்கம் ஈரத்தால் விரியும். மேல்பக்கம் வெயிலில் சுருங்கும். பலகை மெல்ல நிமிர்ந்துவிடும். தச்சர்கள் அறிந்த உத்திதான் இது.

நிலத்தில் ஏற்கெனவே இருந்ததையும் அவர் வீணாக்கவில்லை. அணில் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வளைவாசிப் பிராணி சரிவில் முன்பு தோண்டியிருந்த வளையையே அகழ்ந்து, 6 அடிச் சதுரமும் 7 அடி ஆழமும் உள்ள நிலவறை ஆக்கினார். மணல் தரையாதலால் இரண்டு மணி நேர வேலைதான். அங்கே குளிர்காலத்தில் மேல்மண் உறைந்து போகும். ஆனால் மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அந்த ஆழத்தில் உருளைக்கிழங்கு உறையாமல் இருந்தது.

இனி செங்கல்லுக்கு வருவோம். அவை முன்பே ஒரு புகைபோக்கியில் இருந்தவை. குளிர் வருமுன் தமது புகைபோக்கியைக் கட்டத் தொடங்கிய தோரோ, அவற்றில் ஒட்டியிருந்த காரையைத் தட்டி எடுக்கப் பெரும்பாடு பட்டார். அந்தக் காரைக்கு வயது ஐம்பது. அது இன்னும் இறுகிக்கொண்டே வருகிறது என்று ஊரார் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, மக்கள் சொல்லி மகிழும் பேச்சு இது என்று அவர் ஐயப்பட்டார்.

ஊரார் பேச்சில் உண்மை உண்டு! சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. (தோரோவும் முந்திய குளிர்காலத்தில் ஆற்றுச் சிப்பிகளைச் சுட்டுச் சிறிது சுண்ணாம்பு செய்து பார்த்திருந்தார்.) அதில் நீர் ஊற்றினால் கொதித்து, நீற்றிய சுண்ணாம்பாகிறது, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. மணலுடன் குழைத்துச் சுவரில் வைத்ததும், அது காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்பப் பெற்று மீண்டும் கால்சியம் கார்பனேட் ஆகிறது. காளவாயில் இழந்ததைச் சுவரில் மீட்கிறது எனலாம். ஆனால் காற்றில் பத்தாயிரம் பங்குக்குக் கரியமில வாயு சுமார் நான்கு பங்குதான். அது காரையின் நுண்துளைகள் வழியே உள்ளே புகவும் வேண்டும். எனவே தடித்த சுவரின் நடுப்பகுதி கல்லாக மாறப் பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டுகளும் ஆகலாம்.

நீங்களே சோதிக்கலாம். இடித்த பழைய வீட்டிலிருந்து தடித்த காரைத் துண்டு ஒன்றை எடுத்து வந்து, ஆசிரியர் முன்னிலையில் உடையுங்கள். புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைச் சொட்டுங்கள். நிறம் மாறாத இடம் கார்பனேட்டாகிவிட்டது. இளஞ்சிவப்பாகும் இடத்தில் நீற்றிய சுண்ணாம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. சிமெண்டுக் கலவையும் சிவக்கும் என்பதால், அசல் சுண்ணாம்புக் காரைதானா என்று கொத்தனாரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இவ்வளவு இறுகியும் காரை செங்கல்லைவிட மென்மையானதே. அடித்தால் இணைப்பு விடும், செங்கல் பிழைக்கும். ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்டின் வழி வேறு. அது காற்றுக்குக் காத்திராமல் நீருடன் வினைபுரிந்து சில நாள்களிலேயே இறுகுகிறது. அணைக்கும் பாலத்துக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் நாட்டுச் செங்கல்லைவிட வலிய கலவையை வைத்து வீட்டுச் சுவரை எழுப்பினால், அந்தச் செங்கல்லுக்கு அதுவே கடைசிச் சுவர்.

தோரோ 1847 செப்டம்பரில் குளக்கரையை விட்டுப் போனார். 1849-ல் குடிலை அப்படியே வேறொரு பண்ணைக்கு இழுத்துப் போய்த் தானியம் சேமித்தார்கள். 1868-ல் அதையும் பிரித்தார்கள். அதன் கூரை ஒரு பன்றிக் கொட்டிலுக்குப் பயன்பட்டது. 1945-ல் ராலண்டு ராபின்ஸ் என்பவர் தோண்டிப் பார்த்தபோது, புகைபோக்கியின் அடித்தளக் கற்கள் மட்டும் போட்ட இடத்திலேயே கிடந்தன.