குதிக்கால் நோவும் அதற்குரிய பயிற்சியும்

கற்பித்தல் நின்று செய்யும் தொழிலாகும். கரும்பலகைக்கும் மாணவர் வாங்குகளுக்கும் இடையே சீமெந்துத் தரையில் இருபது ஆண்டு நின்ற எமக்கு, காலையில் எழுந்து வைக்கும் முதலடி முள்மேல் வைத்ததுபோலாயிற்று. சில அடி நடக்கத் தணியும். மாலையில் மீண்டும் மூளும். ஓராண்டு பொறுத்தோம். கதிரையிலிருந்தே பாடஞ் சொல்லும் நிலை வந்தபின்னரே இயன்மருத்துவரை நாடினோம். அறிந்தவற்றை அன்பர்க்குப் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

குதியெலும்பிலிருந்து விரல்களின் அடிவரை தடித்த இழையப் பட்டையொன்று, வில்லின் நாண்போலப் பாதத்தின் வளைவைத் தாங்குகின்றது. நெடுநேரம் நிற்றலாலும், உடற்பாரத்தாலும், கெண்டைக்கால் இறுகுதலாலும் அது குதியோடு பொருந்துமிடம் நலிவுறும். உறக்கத்திற் சுருங்கிக் கிடந்த பட்டை முதலடியில் திடீரென இழுபடுதலாலேயே காலையில் நோவு மிகுகின்றது. எக்ஸ்கதிர்ப் படத்தில் எலும்பு முள்போல் வளர்ந்திருக்கக் கண்டு அஞ்சுவோர் பலர். நோவே இல்லாதாரிடத்தும் அவ்வளர்ச்சி காணப்படுவதுண்டு.

நோவுள்ள காலை மற்றத் தொடைமேல் வைத்து, விரல்களைக் கையாற் பற்றிக் கணைக்காலை நோக்கி மடக்குக. பத்து எண்ணும்வரை பிடித்து, பத்துமுறை செய்க. நாளுக்கு மூன்று வேளை வேண்டும். முதல் வேளை, நிலத்தில் அடிவைக்குமுன் படுக்கையிலேயே ஆகுக. அமெரிக்காவில் நாட்பட்ட நோயாளர் 101 பேரிடத்து நிகழ்ந்து 2003 இல் வெளியான ஆய்வில், குதிநாணை மட்டும் நீட்டிப் பயின்றோரினும் இவ்வாறு பயின்றோர் எட்டு வாரத்தில் மிகுந்த சுகங்கண்டனர்.

தசையை வலுப்படுத்தும் முறையும் உண்டு. சுருட்டிய துவாயை விரல்களின்கீழ் இட்டு, படி விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, குதியை மெல்ல உயர்த்தித் தாழ்த்துக. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தல் போதும். டென்மார்க்கில் 48 பேரை ஆராய்ந்தோர், மூன்றாம் மாதத்தில் இம்முறையே மேம்பட்டதென்றும், ஓராண்டின்பின் இரு முறையினரும் ஒத்த நிலையினரென்றும் கண்டனர்.

சுடவைத்த செங்கல்லின்மேல் எருக்கலை இலையிட்டு மிதித்தல் நம் முன்னோர் கைம்மருந்து. சிறிது ஆறுதல் தரலாம். ஆயின் நீரிழிவினால் உணர்ச்சி குன்றிய பாதம் சூடறியாது வெந்துவிடும். அன்னார் அதனைத் தவிர்க்க. வீக்கம், காய்ச்சல், விறைப்பு, ஓய்விலுந் தணியாத நோவு ஆகியன காணின் தாமதியாது வைத்தியரை நாடுக.

முதல் மாதத்திற் பயன்காணாது பயிற்சியைக் கைவிட எண்ணினோம். பலர் தளர்வது அவ்விடத்தேதான். ஏழாம் மாதத்தில் எமது நோவு நீங்கிற்று. இன்று மீண்டும் நின்றே கற்பிக்கின்றோம். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் வெறுங்காலுடன் வீதிவலம் வர விழையும் அன்பர்கள், கொடியேறும்வரை காத்திராது இன்றே தொடங்குவாராக.