ஆண்டு ஒன்றில் ஒரு வாரம்

தமிழ்ப்பள்ளியில் பயின்ற நம்மில் பலருக்கு ஆண்டு ஒன்று என்றதும் நினைவுக்கு வருவது திங்கட்கிழமைச் சபைகூடலும் வியாழக்கிழமைச் சொல்வதெழுதுதலும்தான். இரண்டுக்கும் இடையில் ஆசிரியர் என்ன செய்தார், நமக்கு எப்படி வாசிக்க வந்தது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

என் அக்காள் மகன் இவ்வாண்டு போர்ட் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு ஒன்றில் சேர்ந்தான். பள்ளி தொடங்கிப் பத்தாவது வாரம். நான் வீட்டுக்குப் போயிருந்தபோது அக்கா அவனுடைய புத்தகப்பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சொல்வதெழுதுதல் நோட்டில் பத்துக்கு இரண்டு.

"அ-வுல இருந்து ஃ வரைக்கும் கடகடன்னு சொல்றான் தம்பி. எழுதச் சொன்னா முழிக்கிறான். பேசாம மலாய் ஸ்கூலுக்கே மாத்திரலாமான்னு அவரு கேக்குறாரு."

நான் கணக்கியல் மாணவன். குழந்தைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இருந்தாலும் கணக்குப் பார்க்கிறவனுக்கு ஏடுகளைப் புரட்டும் பழக்கம் உண்டல்லவா? பத்து வாரப் பயிற்சிப் புத்தகங்களையும் தேதி வாரியாக அடுக்கி உட்கார்ந்தேன்.

ஆண்டு ஒன்றின் வாரம் தற்செயலாக அமைவதன்று. ஆண்டுப் பாடத்திட்டத்தை ஆசிரியர் வாரங்களாகப் பிரிக்கிறார். வாரத்தை நாள் பாடத்திட்டமாகப் பிரிக்கிறார். தமிழ்மொழிப் பாடநூலில் ஒரு தொகுதி ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு உரியது. முதலில் கேட்டல் பேச்சு, பிறகு வாசிப்பு, பிறகு எழுத்து, அதன்பின் செய்யுளும் மொழியணியும், கடைசியில் இலக்கணம். ஔவையின் ஆத்திசூடி ஆண்டு ஒன்றிலேயே வந்துவிடுகிறது. 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டம் ஆண்டு ஒன்றில் தொடங்கியபோது, தமிழ்ப்பள்ளியின் வார அட்டவணையில் தமிழுக்கு 360 நிமிடம், மலாய்மொழிக்கு 300 நிமிடம், ஆங்கிலத்துக்கு 150 நிமிடம் ஒதுக்கப்பட்டன. 2017-இன் சீராய்வுக்குப் பிறகு ஆண்டுக்கு இத்தனை மணி என்று கணக்கிடும் முறை வந்தது. அந்த 360 நிமிடத்தையே அளவாகக் கொள்வோம். அரைமணிப் பாடவேளையாகப் பார்த்தால் பன்னிரண்டு. ஒரு வகுப்பில் முப்பது பேர் இருந்தால், ஒரு பாடவேளையில் ஒரு பிள்ளை தனியாக வாசித்துக் காட்டக் கிடைப்பது ஒரே நிமிடம். அதுவும் ஆசிரியர் வேறெதுவும் செய்யாவிட்டால்.

வெண்தாளில் 'படம்' என்று எழுதி அவனிடம் காட்டினேன். அவன் ப-வைப் பார்த்தான். விரல் விட்டு, "க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப" என்று ஒப்பித்து ப-வில் நின்றான். பிறகு ட. மறுபடியும் க-விலிருந்து தொடங்கினான். ம்-முக்கு வந்து சேர்வதற்குள் முதலெழுத்து மறந்துபோயிருந்தது. பையனுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. வரிசைதான் தெரிந்திருக்கிறது. வரிசையை விட்டு வெளியே தனித்து நிற்கும் எழுத்தை அவன் அடையாளம் காணப் பழகவில்லை. இந்தச் சிக்கல் தமிழ்நாட்டிலும் உணரப்பட்ட ஒன்றுதான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலில், எழுத்துகள் அகரவரிசைப்படி அறிமுகமாகவில்லை. ப, ட, ம போன்ற எளிய வடிவங்கள் முதலில் வந்தன. மூன்றே எழுத்தில் படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசித்துவிடலாம். முதல் வாரத்திலேயே குழந்தைக்கு 'நான் வாசிக்கிறேன்' என்ற தெம்பு வந்துவிடும்.

எங்கள் பையனின் நோட்டில் சறுக்கல் தொடங்கிய வாரத்தையும் கண்டுபிடித்தேன். ஆகாரம் வரை சிவப்பு மை குறைவு. துணைக்கால் எல்லா எழுத்துக்கும் ஒரே வடிவம், க-வுக்குப் போட்டதையே ம-வுக்கும் போடலாம். உகரத்தில் அந்த ஒழுங்கு கிடையாது. கு தனி ரகம். சு, பு, யு, வு ஆகியவற்றுக்குக் கீழே நேர்க்கோடு இறங்குகிறது. டு, மு, ரு, ழு, ளு வளைகின்றன. ணு, து, நு, லு, று, னு கீழே சுற்றி மேலே ஏறுகின்றன. நாம் இதை என்றோ கடந்துவிட்டதால் இது எவ்வளவு பெரிய மலை என்பதை மறந்துவிட்டோம். அவன் 'குடை'யைக் 'கடை' என்றும் 'புலி'யைப் 'பலி' என்றும் எழுதியிருந்தான். உகரம் ஒரு வாரத்தில் வந்து போய்விட்டது. அடுத்த வாரம் வேறு தொகுதி. உகரம் நோட்டில் மீண்டும் தலைகாட்டியது சொல்வதெழுதுதலில்தான், அதுவும் தவறாக.

ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திட்டம் முன்னே ஓடுகிறது, பிள்ளைகளில் பாதிப் பேர் அதனோடு ஓடுகிறார்கள். 2019 முதல் ஆண்டு ஒன்று முதல் மூன்று வரைக்குமான தேர்வுகள் நீக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு மட்டும் என்றானது. பிஞ்சு வயதில் தேர்வு வேண்டாம் என்பது எனக்கும் உடன்பாடே. ஆனால் அதன்பின் பெற்றோர் கண்ணில் படும் அடையாளம் இந்த வார நோட்டுதான். அதைப் புரட்டிப் பார்க்காத வீட்டில், பிள்ளை தடுமாறுவது பல மாதங்கள் கழித்தே தெரியவரும்.

இந்த இடத்தில் என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஆண்டு ஒன்றில் சேர்ந்தது 2010-இல். கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கிய கடைசி அணி எங்களுடையது. 2003-இல் வந்த அந்தத் திட்டம் 2011-இல் ஆண்டு ஒன்றில் சேர்ந்தவர்களுக்கு இல்லாமல் போனது. 'தர்ட்டீன்' என்றாலும் 'தர்ட்டி' என்றாலும் என் காதில் ஒன்றாகவே விழும். தமிழில் பதின்மூன்றையும் முப்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. மலாயில் 'தீகா பெலாஸ்', 'தீகா புலோ'. தமிழிலோ ஒன்பது தெரிந்தவனும் தொண்ணூறில் திணறுவான். ஒரே வாரத்தில் ஒரே எண்ணுக்கு மூன்று பெயர் கற்ற தலைமுறை நாம்.

அதே 2010-இல்தான் லினுஸ் திட்டமும் தொடங்கியது. (லினுஸ் என்பது யாரோ ஒரு பையனின் பெயர் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.) ஆண்டு ஒன்று முதல் மூன்று வரை ஒவ்வொரு பிள்ளையையும் அழைத்து வாசிப்பையும் எண்ணறிவையும் சோதித்தார்கள். சோதித்தது மலாய் வாசிப்பை. 2013-இல் ஆங்கிலமும் சேர்ந்தது. தமிழ் வாசிப்புக்கு அந்தச் சல்லடையில் இடமில்லை. மலாய் வாசிப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாயில் தேறாததால் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்த நண்பர்கள் எனக்கு உண்டு. நான் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதத்தில் பட்ட பாடும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அக்காள் மகன் மலாயில் அவ்வளவு தடுமாறவில்லை. எழுத்து வேறு மொழி வேறு என்ற குழப்பம் அவனுக்கும் இருக்கிறது. 'c' என்ற உரோமன் எழுத்து மலாய்ச் 'சாவான்' கோப்பையில் ஓர் ஒலி, ஆங்கிலப் பூனையில் வேறோர் ஒலி. இருந்தாலும் சமாளிக்கிறான். ஏன் என்று கொமுட்டர் ரயிலில் வரும்போது புரிந்தது. கிள்ளானைத் தாண்டினால் தெலுக் புலாய், தெலுக் காடோங், கம்போங் ராஜா உடா, ஜாலான் கஸ்தம் என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையும் அவனுக்கு ஒரு மின்னட்டை. அவனுடைய அப்பா ஓட்டுவது கொள்கலன் லாரி. கொள்கலன் ஒவ்வொன்றின் மேலும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். அதைச் சத்தமாக வாசிப்பதே அப்பாவும் மகனும் ஆடும் விளையாட்டு. உரோமன் எழுத்துகளுக்கு மீட்டுணர்தல் செய்துவைக்க இந்த ஊரே இருக்கிறது. தமிழெழுத்தை அவன் எங்கே பார்ப்பான்? கோயில் பலகையில் பார்ப்பான். தீபாவளிக்கு முன் தெங்கு கிளானா சாலைக்குப் போனால் சில கடைகளில் பார்ப்பான். வீட்டுச் சுவரில் நாட்காட்டி. மதுரையில் ஒரு குழந்தைக்குப் பேருந்துப் பலகையும் சுவரொட்டியும் இலவசமாகச் செய்துதரும் வேலையை இங்கே அந்தப் பன்னிரண்டு பாடவேளைகளே செய்தாக வேண்டும். ஒரு குழந்தை வாரத்தில் விழித்திருப்பது ஏறத்தாழ நூறு மணி நேரம். அதில் ஆறு மணி. ஆகவே திங்களன்று வந்த எழுத்து வியாழனன்றும், மூன்று வாரம் கழித்தும் திரும்பி வராவிட்டால் அது போனதுதான். பேருந்துப் பலகைகள் இருக்கும் தமிழ்நாட்டிலேயே, கொரோனா காலத்துக்குப் பிறகு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். எங்கே நிற்கிறானோ அங்கிருந்துதானே அவனை நடத்த முடியும்?

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, இப்ப என்ன பண்ணணும்கிற?" என்றார். போன ஆண்டு நாட்காட்டியின் தாள்களைச் சீட்டளவுக்கு வெட்டி, பின்பக்கத்தில் ஒரு சீட்டுக்கு ஓர் எழுத்து எழுதினோம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், தொலைக்காட்சி போடுவதற்கு முன்னால். விதி இதுதான்: வரிசையாக அடுக்கக்கூடாது. புதுச் சீட்டு மூன்று, பழைய சீட்டு ஏழு. பழையதில் தவறினால் அது மறுநாளும் வரும். சொல் சேர்ந்தால் வாசிக்க வேண்டும், பொருளில்லாத சொல்லானாலும் சரி. 'டுமபு' என்று ஒன்று சேர்ந்தபோது அவன் சிரித்த சிரிப்பில் அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

ஐந்து வாரமாயிற்று. சொல்வதெழுதுதலில் பத்துக்கு இரண்டு மூன்றாகி, மீண்டும் இரண்டாகி, நான்காகி, போன வியாழன் ஆறு. 'துணி' சரி. 'சுவர்' சரி. 'நுங்கு' மட்டும் 'துங்கு' ஆகியிருந்தது. நுங்கை அவன் கண்டதில்லை, துங்குவைப் பாடநூலில் பார்த்திருக்கிறான். அதற்கு நானே அரை மதிப்பெண் கொடுத்திருப்பேன். பள்ளி மாற்றும் பேச்சை அத்தான் இன்னும் விடவில்லை. இவ்வாண்டு முடியட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அக்கா நேற்றிரவு தொலைபேசியில் அழைத்து, வரும் வாரத்துக்கு லு, று, னு சீட்டுகளை எழுதிவிட்டதாகச் சொன்னார். னு-வுக்கும் ணு-வுக்கும் வேறுபாட்டை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றும் கேட்டார்.