சொன்னவருக்கே சொந்தம்: மூத்த பால்புதுமையினருடன் ஒரு கதைக்கூடலைத் திட்டமிடுதல்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பங்கேற்ற ஒரு கூட்டத்தில் மூத்த திருநங்கை ஒருவர் தமது வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டார். அவையினர் கண்கலங்கிக் கைதட்டினர். அவர் பேசிய காணொளி அன்றிரவே கைபேசிகளில் பரவியது. அடுத்த வாரம் வீட்டு உரிமையாளர் அவரைக் காலி செய்யச் சொன்னார். அவர் திருநங்கை என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியும். அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதைத்தான் அந்தக் காணொளி புதிதாகச் சொல்லியிருந்தது.

அவருக்காகச் சட்ட அறிவிப்பு அனுப்பினேன். வாடகைக் குடியிருப்பில் திருநர் மீது பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஆனால், அறிவிப்பு சென்று சேர்வதற்குள் அவர் ஊரைவிட்டே போய்விட்டார். கதைக்கூடல்களை ஒருங்கிணைக்க விரும்பும் கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் இந்த நிகழ்விலிருந்தே திட்டமிடலைத் தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன்.

ஏன் இக்கூடல்கள் தேவை?

1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தன்பாலுறவைக் குற்றமாக்கியது. 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் அளித்த விடுதலையை 2013இல் உச்சநீதிமன்றம் பறித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே நீதிமன்றம் அதனை மீட்டளித்தது. இன்று 60 வயதைக் கடந்தவர்கள் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அப்பிரிவின் நிழலிலேயே கழித்தவர்கள். அகப்பட்டால் ஆபத்து என்பதால் கடிதங்களைக் கிழித்தனர், புகைப்படங்களை எரித்தனர். ஆவணம் இல்லாத வரலாற்றுக்கு அவர்களது நினைவே சான்று.

யாரை அழைப்பது?

‘மூத்தோர்’ என்பதற்கு 60 வயது என்னும் அளவுகோல் பொருந்தாது. தமிழ்நாடு அரசே 40 வயதைக் கடந்த திருநங்கையருக்கு மாத ஓய்வூதியம் வழங்குகிறது. பதின்வயதில் வீட்டிலிருந்து துரத்தப்பட்டவருக்கு முதுமை முன்னதாகவே வந்துவிடுகிறது. திருநங்கையரை மட்டும் அழைப்பதும் போதாது. திருநம்பிகள், கட்டாயத் திருமணத்துக்குள் வாழ்ந்து முடித்த பெண்கள், கோத்திகள் ஆகியோரின் கதைகள் இன்னும் குறைவாகவே கேட்கப்பட்டுள்ளன. அவர்கள் தம்மைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களைத் திருத்தாதீர்கள். 2008இல் அரசு அமைத்த நலவாரியமே ‘அரவாணிகள்’ என்னும் பெயரைத்தான் தாங்கியிருந்தது.

அழைப்பிதழ் அச்சிடும் முன் நேரில் சென்று பேசுங்கள். திட்டமிடும் குழுவில் பாதிப்பேராவது மூத்தோராக இருக்கட்டும். நாளையும் இடத்தையும் அவர்களே முடிவு செய்யட்டும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிப் பலர் கூவாகத்துக்குச் சென்றுவிடுவர். சாதிச் சங்கத்தின் திருமண மண்டபம் வாடகை குறைவு என்பதற்காக அங்கே கூடாதீர்கள். தலித் மூத்தவர் ஒருவர் அவ்வாசலைத் தயக்கமின்றித் தாண்ட முடியுமா என்பதே கேள்வி. படிகள் இல்லாத நுழைவு, எவரும் பயன்படுத்தத்தக்க கழிப்பறை, அருகில் பேருந்து நிறுத்தம் ஆகியவை இன்றியமையாதவை. பயணச் செலவோடு, இழக்கும் ஒரு நாள் வருமானத்துக்கு ஈடான மதிப்பூதியத்தையும் அன்றே கையில் கொடுங்கள்.

சாதியை எப்படிப் பேசுவது?

‘நமக்குள் சாதி இல்லை’ என்று எவரேனும் தொடங்கிவைப்பார். அந்த வாக்கியத்துக்குப் பின் தலித் மூத்தவர் தம் அனுபவத்தைச் சொல்வது கடினம். 2014ஆம் ஆண்டின் நால்சா தீர்ப்பு, திருநரைச் சமூக, கல்வி நிலைகளில் பின்தங்கிய வகுப்பினராகக் கருதி இடஒதுக்கீடு வழங்கச் சொன்னது. பட்டியல் சாதித் திருநர் இரண்டில் ஓர் அடையாளத்தை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய நெருக்கடி அதனால் எழுந்தது. எனவேதான் கிரேஸ் பானு முதலானோர், ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு உள்ஒதுக்கீடு தரும் கிடைமட்ட இடஒதுக்கீட்டைக் கோருகின்றனர். இக்கோரிக்கையின் வேரை மூத்தோர் கதைகளில் கேட்கலாம். ஆனால், எவரையும் சாதியைச் சொல்லும்படி கேட்கக் கூடாது. அதைச் சொல்வதற்குரிய பாதுகாப்பான சூழலை உருவாக்குவது நம் கடமை. சொல்வதா, வேண்டாமா என்பது அவர் முடிவு.

ஒப்புதல் என்பது மூன்று கேள்விகள்

பேசச் சம்மதமா? பதிவு செய்யச் சம்மதமா? வெளியிடச் சம்மதமா? ஒன்றுக்குச் சொன்ன ‘ஆம்’ மற்றதற்குப் பொருந்தாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்துள்ளது. ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் குரல்வழி ஒப்புதல் பெறுங்கள். பின்னாளில் மனம் மாறினால் பதிவை அழிக்கச் சொல்லலாம் என்பதையும் அப்படிவத்தில் சேருங்கள். கதையில் வரும் பிறரது பெயர்களை நீக்குங்கள். முன்னாள் காதலர் இன்று ஒரு குடும்பத் தலைவராக இருக்கலாம். பார்வையாளர்களின் கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வையுங்கள்.

சொன்னவர் மறைந்தபின் பதிவு குறித்து முடிவெடுப்பவர் யார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வளர்த்த மகளை, உடன் வாழ்ந்த துணையைப் பலர் குறிப்பிடுவர். அவர்களது விருப்பம் எழுத்தில் இல்லாவிட்டால், பிறந்த வீட்டார் வந்து உரிமை கோருவர்.

கூடல் நாளும் மறுநாளும்

அறுவை சிகிச்சை, வன்முறை பற்றிய கேள்விகளோடு தொடங்காதீர்கள். முதல் சேலை, முதல் வேலை, பழைய குடும்ப அட்டை என்று தொடங்கினால் கதை தன் வழியில் விரியும். வழக்குரைஞர்களாகிய எங்களுக்குக் குறுக்கிட்டுத் தேதி கேட்கும் பழக்கம் உண்டு. அங்கே அதனை விட்டுவிட வேண்டும். வட்டமாக அமர்ந்து, ஒரே பந்தியில் உண்ணுங்கள். ஆற்றுப்படுத்துநர் ஒருவர் உடனிருக்கட்டும்.

மறுநாள் காலை ஒவ்வொரு மூத்தவரையும் தொலைபேசியில் அழையுங்கள். நலம் விசாரித்தபின், நேற்றுச் சொன்னதில் எதையேனும் திரும்பப் பெற விரும்புகிறீர்களா என்று கேளுங்கள். நான் பங்கேற்ற அந்தக் கூட்டத்தில் அக்கேள்வியைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை.