பேதுருவின் கூடாரமும் பிராண்டின் வீடும்

மலையேறியவர்கள் – 11

சென்ற வாரம் மறுரூப மலையின் உச்சியில் பேதுருவை நிறுத்திவிட்டு வந்தோம். இயேசுவின் முகம் ஒளிர்கிறது, மோசேயும் எலியாவும் பக்கத்தில் நிற்கிறார்கள். பேதுருவுக்கு அந்த இடத்தை விட்டு நகர மனமில்லை. மூன்று கூடாரம் போட்டுவிடலாமே என்கிறான். அந்த யோசனைக்கு அவனுக்குப் பதில்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் எல்லோரும் இறங்குகிறார்கள். அடிவாரத்தில் ஒரு தகப்பன், வலிப்பு நோயால் நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிற மகனோடு காத்திருக்கிறான். மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே ஒரு மூச்சுவிடும் இடைவெளிதான்.

ஜெபக்கூட்டங்களில் முதல் காட்சியைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. ‘தேவ பிரசன்னம்’ என்றாலே நமக்கு ஒளி, கண்ணீர், உயர்த்திய கைகள்தான். அடிவாரத்துத் தகப்பனைப் பற்றிக் கேட்டது குறைவு.

கொல்லிமலையில் இந்தக் கதை கொஞ்சம் மாறிப்போனது. அங்கே நோயாளி மகன் மலைமேலேயே இருந்தான்.

கொல்லிமலை 14 நாடுகளாகப் பிரிந்த மலை. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, எடப்புளி நாடு என்று நீளும் பட்டியல். இவை இன்று ஊராட்சிகள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் பேருந்து ஏறுகிறது. எடப்புளி நாட்டுக்காரர் சாமையோ மிளகோ பலாவோ விற்றுவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். நூறு ஆண்டுக்கு முன்பு இது நடக்காத காரியம். சேந்தமங்கலத்துப் பக்கமிருந்து மலையேற ஒற்றையடிப் பாதைதான். நடக்க முடியாதவர்களை டோலியில் சுமந்தார்கள். மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மேலே இரவு தங்க மாட்டார்கள்.

அந்தப் பாதையில் 1913ல் ஒரு கல்யாண ஜோடி ஏறியது. மாப்பிள்ளை ஜெஸ்ஸி பிராண்ட். பெண் எவலின் ஹாரிஸ், லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பெண், ஓவியம் கற்றவர், மாப்பிள்ளையைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். கல்யாணம் சேந்தமங்கலத்தில், குடித்தனம் வாழவந்தி நாட்டில். வீடு முன்பே தயார். மரச்சட்டங்களைச் சமவெளியில் அறுத்துச் செதுக்கி, ஆள்வைத்துத் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய் ஜெஸ்ஸி பூட்டிக் கட்டிய வீடு அது. கறையான் ஏறாதபடி கால்களின்மேல் நின்ற வீடு.

பேதுரு கட்ட நினைத்த கூடாரத்துக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்த வாரம் பேச நினைக்கிறேன். கண்ட காட்சி கலையாமல் இருக்கவேண்டும் என்பதற்காகப் பேதுரு கேட்டது கூடாரம். ஜெஸ்ஸியின் வீட்டுத் திண்ணையோ கொஞ்ச நாளிலேயே ஆஸ்பத்திரியாகிவிட்டது.

அவர் டாக்டர் அல்ல. லண்டனில் மிஷனரிகளுக்கென நடந்த ஒரு கல்லூரியில் ஓராண்டு அடிப்படை மருத்துவம் படித்தவர், அவ்வளவுதான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பல் பிடுங்கினார், சீழ்க்கட்டியைக் கீறினார், காய்ச்சலுக்குக் கொய்னா கொடுத்தார். எல்லாவற்றிலும் அதிகம் வந்தது நரம்புச் சிலந்தி.

இன்றைய வாசகர்களில் பலர் அந்த நோயைக் கேள்விகூடப் பட்டிருக்கமாட்டார்கள். குடிக்கும் தண்ணீரில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சி இருக்கும். அதன் வயிற்றில் புழுவின் குஞ்சு இருக்கும். தண்ணீரோடு உள்ளே போனால் ஏறக்குறைய ஓராண்டு உடம்புக்குள் வளர்ந்து, முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் நீளத்துக்கு நூல்போல ஆகி, காலில் கொப்புளம் கட்டி வெளியே தலைநீட்டும். நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு அதற்குள் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்துவிடும். அதே தண்ணீரை ஊர் குடிக்கும். மருந்து கிடையாது. வெளியே வந்த நுனியை ஒரு குச்சியில் சுற்றி, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கவேண்டும். அவசரப்பட்டு இழுத்து அறுந்தால் உள்ளே சீழ்வைத்துக் கால் போய்விடலாம். ஒரு புழுவுக்கே பல நாள், சிலசமயம் வாரக்கணக்கு.

இந்த வேலையை எண்ணிப் பாருங்கள். இன்றைக்கு இரண்டு அங்குலம், நாளைக்கு இரண்டு அங்குலம். அற்புதம் எதுவும் இதில் இல்லை, சாட்சிக் கூட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை. நாளைக்கும் அந்த ஆள் அங்கே இருக்கவேண்டும், அதற்கடுத்த நாளும் இருக்கவேண்டும். மலையேறி வந்து கைவைத்து ஜெபித்துவிட்டு மாலையில் இறங்கிப் போகிறவரால் இந்தப் புழுவை எடுக்கவே முடியாது. குச்சியில் சுற்றுவதோடு பிராண்டுகள் நிற்கவுமில்லை. கிணற்றுக்குள் காலை வைக்காதீர்கள், தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடியுங்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். இந்தியா முழுவதும் அந்த நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2000ல் சான்றளித்தது. கடைசி நோயாளி 1996ல் ராஜஸ்தானில். அந்த நீண்ட வேலைக்கு நம் மலைகளில் ஆரம்பத்திலேயே கைகொடுத்தவர்களில் இவர்களும் உண்டு.

ஆண்டுகள் போயின. மருந்துக்கு வந்தவர்கள் சபைக்கு வரவில்லை. உள்ளூர்ப் பூசாரி அதற்கு இடம் கொடுக்கவில்லை என்று மிஷனரி வரலாறுகள் கொஞ்சம் கடுப்போடு எழுதுகின்றன. பூசாரியின் பக்கமும் நியாயம் உண்டு என்பது என் எண்ணம். ஆகாய கங்கை அருவியின் பக்கத்தில் இருக்கும் அறப்பளீசுவரர் கோயில் தேவாரக் காலத்திலேயே பெயர் பெற்ற தலம். கடவுளைக் கும்பிடத் தெரியாத ஜனங்கள் அல்ல அவர்கள். இருளில் கிடந்த மலைக்குக் கடவுளை யாரோ கப்பலேற்றிக் கொண்டுவந்ததுபோல எழுதுகிற பழைய மிஷனரி நடை எனக்கு ஒப்புவதில்லை, வேதத்துக்கும் ஒப்புவதில்லை. கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்த யாக்கோபு விடிந்ததும் திடுக்கிடுவது, தான் அறியாமலே கடவுள் அந்த இடத்தில் இருந்திருக்கிறார் என்றுதான். பெத்தேலுக்கு யாக்கோபு அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

1918, 19ல் விஷக்காய்ச்சல் வந்தது. முதல் உலகப் போரின் முடிவில் உலகையே சுற்றிய இன்ஃப்ளூயன்ஸா. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். மலையில் குடிசை குடிசையாக ஜனம் படுத்தது. பயந்துபோய் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சிக் கொண்டு வீடு வீடாகப் போனார்கள். எதிர்த்த பூசாரியும் படுக்கையில் விழுந்தார். அவர் குடிசைக்கும் கஞ்சி போனது. சாகிற தறுவாயில் தன் பிள்ளைகளை அந்தப் பூசாரி யாரிடம் ஒப்படைத்தார் என்றால், இவர்களிடம். அதற்குப் பிறகுதான் வாழவந்தியில் சபை என்று ஒன்று உருவாகத் தொடங்கியது. பூசாரி எந்தப் பிரசங்கத்தால் மனம் மாறினார் என்று தேடவேண்டியதில்லை. சாகப்போகிற தகப்பன் கணக்குப் பார்ப்பது ஒன்றைத்தான்: நான் போனபின் இந்தப் பிள்ளைகளோடு யார் இருப்பார்கள்?

இவர்களைச் சிலையாக்கிவிடவும் வேண்டாம். மகன் பால், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவைசிகிச்சையால் திருத்திய டாக்டர் பால் பிராண்ட், சிறுவயதில் மலையில் கண்ட ஒரு காட்சியைச் சொல்லியிருக்கிறார். தொழுநோய் கண்ட மூன்று பேர் வீட்டுக்கு வருகிறார்கள். அப்பா கையுறை மாட்டிக்கொண்டு அவர்கள் காலைக் கழுவி மருந்துபோட்டுக் கட்டுகிறார். பிள்ளைகளைக் கிட்டே வரவிடவில்லை. அவர்கள் போனபின் அவர்கள் உட்கார்ந்த இடத்துப் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பு. அந்தக் காலத்தில் அந்த நோயைப்பற்றி எல்லோருக்கும் இருந்த பயம் ஜெஸ்ஸிக்கும் இருந்தது. பயம் போனபிறகு செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை. பயத்தோடேயே காலைக் கழுவினார். எனக்கு இது தைரியசாலிகளின் கதைகளைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

பால் மலையிலிருந்து கற்றதும் உண்டு. பல ஆண்டு கழித்து அவர் எழுதிய ஒரு கட்டுரையில், படிப்படியான நெல்வயலில் பையன்களோடு தவளை பிடித்து விளையாடியதைச் சொல்கிறார். வரப்பைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் வருகிறார். பையன்கள் கலக்கிய தண்ணீர் சேறாகக் கீழ்வயலுக்கு ஓடுகிறது. ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இதுதான் நம் எல்லோருக்கும் வருஷா வருஷம் சோறு போடுகிறது, ஓடிப்போனால் மலைமேல் திரும்பி வராது என்று அந்தத் தாத்தா புத்தி சொல்கிறார். உலகம் சுற்றிய அறுவைசிகிச்சை நிபுணர், மண்ணைக் காப்பது பற்றித் தனக்குக் கிடைத்த முதல் பாடம் அதுவே என்கிறார். மிஷனரி வீட்டுப் பிள்ளைக்குச் சிருஷ்டியைப் பற்றிப் போதித்தவர் கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்!

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நெருடுகிறது. 1923ல் ஒன்பது வயது பாலையும் அவன் தங்கை கோனியையும் இங்கிலாந்தில் உறவினரிடம் படிக்கவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அன்றைய மிஷனரிக் குடும்பங்களில் அது வழக்கம். ஆனால் 1929 ஜூனில் ஜெஸ்ஸி இறந்துபோனார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல், வயது 44. மகன் அப்பாவை அப்புறம் பார்க்கவே இல்லை. தந்தி வந்து சேர்ந்தபின்னும், கப்பலில் வந்துகொண்டிருந்த அப்பாவின் கடிதம் அவன் கைக்கு வந்தது. ஊரார் பிள்ளைகளோடு இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளோடு இல்லாமல் போனார்கள். தியாகம் என்று சொல்லி இதை மூடிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாய்க்கும் வந்திருக்காது.

எவலின் என்ன செய்தார்? இங்கிலாந்து போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைசெய்ய வைத்தது. வயதாகி ஓய்வுபெறச் சொன்னபோது அவருக்கு 68. நிர்வாகத்தைக் குறைசொல்ல முடியாது, எந்த நிர்வாகமும் அதைத்தான் சொல்லும். 1947ல் அவர் சம்பளத்தையும் மிஷனையும் விட்டுவிட்டுத் தனி ஆளாகக் கொல்லிமலை ஏறினார். அதன்பின் 27 ஆண்டுகள்! ஓய்வுக்குப் பிறகு அவர் மலையில் செய்த வேலை, ஜெஸ்ஸியோடு சேர்ந்து செய்த 16 ஆண்டைவிட நீளம். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். பச்சைமலை, கல்வராயன் மலை என்று பக்கத்து மலைகளுக்கும் போனார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. டாக்டர் மகன் வந்து, போதும் கீழே வந்துவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு நடந்தார். ‘பிராண்ட் பாட்டி’ என்ற பெயர் வந்தது அந்தக் காலத்தில்தான்.

ஒருகாலத்தில் ஓவியம் தீட்டிய அந்த அம்மா கடைசி இருபது வருஷம் வீட்டில் முகம்பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை.

1974 டிசம்பர் 18ல் 95ஆவது வயதில் இறந்தார். கேட்டுக்கொண்டபடியே பெட்டி இல்லாமல் பருத்தித் துணியில் சுற்றி, வாழவந்தியில் ஜெஸ்ஸியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். டிசம்பர் வந்தால் சமவெளிச் சபைகளிலிருந்து வேன்கள் மலையேறுகின்றன. பேனர் கட்டி, கம்பளி கொடுத்து, கேக் வெட்டி, படமெடுத்து, இருட்டுமுன் 70 வளைவும் இறங்கிவிடுகிறோம். கொடுப்பது தவறில்லை, குளிரில் கம்பளி கம்பளிதான். ஆனால் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் “தேவ பிரசன்னத்தை அளவில்லாமல் உணர்ந்தோம்” என்று எழுதுகிறோமே, அங்கேதான் பேதுருவின் கூடாரம் முளைக்கிறது. மத்தேயு 25ல் இயேசு சொல்லும் நியாயத்தீர்ப்பில், பசித்தவனுக்குச் சோறுபோட்டவர்கள் யாருமே எதையும் உணர்ந்ததாகச் சொல்லவில்லை. எப்போது ஆண்டவரே உம்மைப் பார்த்தோம் என்று ஆச்சரியப்படுகிறார்கள். உணராமலே அவரோடு இருந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் சபை கொல்லிமலைக்குப் போவதாக இருந்தால், வேன் பேசுவதற்கு முன் ஒரே ஒரு நாடு, ஒரே ஓர் ஊர் என்று முடிவு செய்யுங்கள். எடப்புளி நாடாக இருக்கட்டும், வேறெதுவாகவும் இருக்கட்டும். அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரையும் பள்ளி ஆசிரியரையும் முதலில் பாருங்கள். பிரசவத்துக்குக் கீழே போக வண்டிச் செலவா, பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கப் பெண்பிள்ளைகளுக்கு விடுதிச் செலவா, படுத்துவிட்ட முதியவர்களுக்கு மாதாமாதம் மருந்தா, எது தேவை என்று அவர்கள் சொல்வார்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து வருஷம் விடாமல் செய்யுங்கள். அந்த மக்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். பேனர் வேண்டாம்.

அடுத்த வாரம் வேலூர்: பால் பிராண்ட் முடங்கிய கைகளைத் திறந்த கதை.

(தொடரும்)