சூட்டோடு உருவும் பொம்மை

பைகளில் ஆடும் லபூபு பொம்மையைப் பார்த்துவிட்டு, இது விளையாட்டுப் பொருளா கலைப்பொருளா என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

கேள்வி பழையது. தன் கலையை எளியவரும் வாங்கட்டும் என்று ஓவியர் கீத் ஹேரிங் 1986-இல் நியூயார்க்கில் ‘பாப் ஷாப்’ என்ற கடையையே திறந்தார். 1999-இல் ஹாங்காங் கலைஞர் மைக்கேல் லாவ் ‘கார்டனர்’ வரிசையில் 99 பொம்மை உருவங்களைக் காட்சிக்கு வைத்தார். அமெரிக்க ஓவியர் காஸின் ‘கம்பானியன்’ பொம்மையும் அதே ஆண்டில் ஜப்பானில் வெளியானது. லபூபுவை வரைந்த காசிங் லுங் இந்த வழியில் வந்தவர்தான்.

ஆனால் அதிசயம் பொம்மை செய்யும் பட்டறையில் இருக்கிறது. ஜப்பானில் ‘சோஃபுபி’ எனப்படும் மென்வினைல் பொம்மைக்கு, முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். மின்சாரம் கடத்தும் பூச்சு பூசி, மின்முலாம் பூசும் தொட்டியில் தொங்கவிடுவார்கள். செம்பு மெல்லப் படிந்து தடித்த ஓடாகும். மெழுகை உருக்கி வடித்துவிட்டால் மிஞ்சும் ஓடுதான் அச்சு. அதில் மூட்டு இல்லை, இரண்டாகப் பிரியாது.

அச்சில் திரவ வினைலை நிரப்பிச் சூடான எண்ணெயில் அமிழ்த்துவார்கள். சுவரை ஒட்டிய பகுதி மட்டும் இறுகும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி சூடாக்குவார்கள். பிறகு குறட்டால் பிடித்து ஒரே இழுப்பு! குறுகிய உறைக்குள்ளிருந்து தலையணையை உருவுவதுபோல, பருத்த தலை கசங்கி, அச்சின் சின்ன வாய்வழியே வெளியே வந்து, மறுகணமே பழைய வடிவத்துக்கு உப்பிக்கொள்ளும். சூடு ஆறிவிட்டால் வராது, அதிகமானால் கிழியும். அந்தப் பதம் கைக்கு மட்டுமே தெரியும்.

பொம்மையை வாங்கியவர் மாற்றியமைக்கவும் இந்த மென்மையே துணை. முடி உலர்த்தியின் சூட்டில் கை, கால்கள் நெகிழ்ந்து கழன்றுவிடும். சோப்பு நீரில் கழுவி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அக்ரிலிக் வண்ணம் பூசலாம். எனாமல் வேண்டாம்: வினைலை மென்மையாக்கும் எண்ணெய்ப்பொருள் மேலே கசிவதால், அது காயாமல் பிசுபிசுத்தே கிடக்கலாம்.

வரைவதற்கென்றே கிட்ராபாட் நிறுவனம் 2005-இல் ‘மன்னி’ என்ற வெற்று வெள்ளைப் பொம்மையை வெளியிட்டது. அதைக்கூட விலை ஏறும் என்று பெட்டி பிரிக்காமல் பூட்டி வைப்பவர்கள் உண்டு. கைபடுவதற்காகப் பிறந்த பொருளைப் பங்குப் பத்திரமாக்குவது வருத்தமானது. அதைவிட வருத்தம், கொதிக்கும் அச்சிலிருந்து அதை உருவியவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லாதது. ஓவியர் பெயருக்குக் கீழே பட்டறைத் தொழிலாளியின் பெயரையும் பெட்டியில் அச்சிட வேண்டும். சேகரிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.